பொருத்தமான மனச்சோர்வு மருந்தைக் கண்டடைதல்: சென்னை மேற்குப் புறநகர்ச் சூழலில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மனச்சோர்வுக்கான மருந்துகள் பல. அவற்றுள் ஒருவருக்குப் பொருந்துவது எது என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனை இன்றைய அன்றாட மருத்துவத்தில் இல்லை. ஆகவே பொருத்தமான மருந்தைக் கண்டடைதல் ஒருமுறை நிகழும் தேர்வாக இராமல், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும் தேடலாக அமைகிறது. அத்தேடலின் இயல்பையும் அது இடையில் அறுபடும் இடங்களையும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னை மேற்குப் புறநகர்ச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துள்ள நான்கு கூறுகள் இவ்விளக்கத்திற்குச் சட்டகமாகக் கொள்ளப்பட்டுள்ளன. மருந்தின் தன்மைக்கு இணையாக மருந்துண்ணலின் தொடர்ச்சியும் பொருத்தத்தைத் தீர்மானிக்கிறது என்பதும், ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்னும் ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நிலைகள் அடங்கியிருப்பதைப் பிரித்தறிதல் இன்றியமையாதது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள்.

திறவுச்சொற்கள்

மனச்சோர்வு, மருந்துப் பொருத்தம், மருந்துத் தொடர்ச்சி, நோய்மொழி, உழைச்செல்வான், சென்னை மேற்குப் புறநகர்.

1. முன்னுரை

உடல்நோய்க்கு மருந்து உண்பவர் அதன் பயனைச் சில நாள்களில் உணர்கிறார். காய்ச்சல் தணிகிறது, வலி குறைகிறது. மனச்சோர்வுக்கு மருந்து உண்பவரின் பட்டறிவு இதற்கு நேர்மாறானது. முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் வருகின்றன. மனநிலையோ முன்போலவே இருக்கிறது. பயன் தெரியத் தொடங்குவதற்குள் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தியவர் ‘இந்த மருந்து எனக்குப் பொருந்தவில்லை’ என்னும் முடிவுக்கு வருகிறார். இரண்டு மூன்று மருந்துகள் இவ்வாறு கைவிடப்பட்ட பின் ‘எந்த மருந்தும் எனக்குப் பொருந்தாது’ என்று அம்முடிவு இறுகிவிடுகிறது. நம்பிக்கையிழப்பையே அடையாளமாகக் கொண்ட ஒரு நோயில் இம்முடிவு உயிருக்கே ஊறு விளைவிக்க வல்லது. மருந்துப் பொருத்தம் பற்றிய தெளிவின் தேவை இங்குதான் எழுகிறது.

இச்சிக்கலை ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் வைத்து நோக்குவது பயன் தரும். சென்னையின் மேற்குப் புறநகர் தொழிற்சாலைகளால் வளர்ந்த பகுதி. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை உருவானது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிப் பின்னாளில் கிடங்குகளும் கல்லூரிகளும் பெருகின. முறைப்பணி, நெடும்பயணம், ஊர்விட்டு வந்து வாடகை வீட்டில் குடியிருத்தல் ஆகியன இப்பகுதி வாழ்வின் பொதுக்கூறுகள். நிர்வாக அளவில் இப்பகுதி ஒரே அலகு அன்று. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடர்கின்றன. வீடு ஒரு மாவட்டத்திலும் வேலை மற்றொரு மாவட்டத்திலுமாக வாழ்வோருக்குச் சிகிச்சையின் தொடர்ச்சி எவ்வாறு அமையும் என்பது தனித்து எண்ணத்தக்கது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 950ஆம் குறள், மருத்துவம் என்பது நோயுற்றவர், அதைத் தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறுகளால் ஆனது என்கிறது. உழைச்செல்வான் என்பதற்கு மருந்தைப் பிழையின்றிக் கொடுத்து உடனிருப்பவர் எனப் பொருள் கொள்ளலாம். அதற்கு முந்தைய குறள் நோயுற்றவரின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து செயற்படுமாறு மருத்துவரைப் பணிக்கிறது. இன்றைய மனநல மருத்துவம் ‘பொருத்தமான மருந்து’ என்று கூறுவது இக்கூறுகள் அனைத்தும் ஒருங்கிசையும் நிலையையே ஆகும். இக்கட்டுரை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது.

2. நோயின் அளவும் சொல்லின் அளவும்

சென்னையில் மனச்சோர்வின் பரவல் பற்றிய பெரிய ஆய்வு 2009இல் வெளியானது. சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வின் ஒரு பகுதியாக 25,455 பேரிடம் வினாப்பட்டியல் கொண்டு நடத்தப்பட்ட அவ்வாய்வு 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. குறைந்த வருவாய்ப் பிரிவினரிடம் அது 19.3 விழுக்காடாகவும் உயர்ந்த வருவாய்ப் பிரிவினரிடம் 5.9 விழுக்காடாகவும் இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வோ, ஆய்வுக்காலத்தில் மனச்சோர்வு உடையோர் 2.7 விழுக்காட்டினர் என்றது.

இரு எண்களும் முரண்படுவன போலத் தோன்றினும் அளவுகோல் வேறு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். முன்னது அறிகுறிகளைத் தொகுத்து எண்ணும் வினாப்பட்டியல். பின்னது நோயறிதல் வரையறைகளைப் பின்பற்றும் கட்டமைந்த நேர்காணல். சோர்வின் அறிகுறி உடையோர் அனைவரும் மருந்து தேவைப்படும் நோயாளர் அல்லர். லேசான நிலையில் உளவியல் ஆலோசனை, உடற்பயிற்சி, வாழ்க்கைச் சூழலில் மாற்றம் ஆகியவையே முதலில் போதுமானவை. நடுத்தர, கடும் நிலைகளில்தான் மருந்தின் பயன் தெளிவாகப் புலப்படுகிறது. எனவே ‘எந்த மருந்து’ என்னும் வினாவுக்கு முன் ‘மருந்து தேவையா’ என்னும் வினா நிற்கிறது. மறுபுறம், சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோர் பொதுவான மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் என அதே தேசிய ஆய்வு கூறியது. தேவையற்றோருக்கு மருந்தும் தேவைப்படுவோருக்கு மருந்தின்மையும் ஒரே ஊரில் அருகருகே நிலவக்கூடும்.

சொல்வழக்கும் இக்குழப்பத்தைப் பெருக்குகிறது. இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் பணிச்சுமையால் வரும் நெருக்கடியையும் நோயாகிய மனச்சோர்வையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. முன்னதற்கு ஓய்வு போதும் என்பதால் பின்னதற்கும் ஓய்வே போதும் என்னும் எண்ணம் வேரூன்றுகிறது. பேச்சுவழக்கில் நோயாளர் இவ்விரு சொற்களையும் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. ‘அசதியா இருக்கு’, ‘மனசு பாரமா இருக்கு’, ‘நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு’, ‘எதுலயும் பிடிப்பில்ல’, ‘நரம்புத் தளர்ச்சி’ என்பனவே மருத்துவர் முன் வைக்கப்படும் சொற்கள். இவை தெளிவற்ற சொற்கள் அல்ல. அசதி மிகுதியா, உறக்கமின்மை மிகுதியா, உடல்வலி மிகுதியா, பசியின்மை மிகுதியா என்பதைப் பொறுத்தே மருந்துத் தேர்வு மாறுகிறது. ஆகவே இச்சொற்கள் மருந்துத் தேர்வுக்கான முதற்சான்றுகளாகும்.

3. மருந்து

இக்கால மனச்சோர்வு மருந்துகளின் தொடக்கம் தற்செயலானது. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளர்க்கு இப்ரோனியாசிட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டபோது அவர்களுடைய மனநிலையும் ஊக்கமும் உயர்ந்தமை கவனிக்கப்பட்டது. 1957இல் அது மனச்சோர்வுக்கும் பயன்படும் என்னும் அறிக்கை வெளியானது. ஈரலுக்கு ஊறு விளைவித்ததால் அது பின்னர் வழக்கொழிந்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ரோலண்டு கூன், இமிப்ரமின் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டார். அமிட்ரிப்டிலின் உள்ளிட்ட முவ்வளைய மருந்துகள் இவ்வழியில் வந்தவை. 1987 இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃப்ளூவாக்ஸிடின், செரோடோனின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்துகளைப் பரவலாக்கியது. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் ஆகியனவும் இவ்வகையினவே. வென்லாஃபாக்சின், டுலாக்ஸிடின், மிர்டாசபின் முதலியன வேறு வழிகளில் செயற்படுவன. செரோடோனின் குறைவே மனச்சோர்வு என்னும் எளிய விளக்கத்தை இன்றைய ஆய்வுகள் ஏற்கவில்லை. எனினும் விளக்கம் தளர்ந்ததால் மருந்தின் பயன் பொய்த்துவிடவில்லை. பயனைச் சோதிக்கும் ஆய்வுமுறை வேறு.

அவ்வகையில் 2018இல் சிப்ரியானி குழுவினர் 522 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,16,477 பேரின் தரவுகளைத் தொகுத்து 21 மருந்துகளை ஒப்பிட்டனர். கடும் மனச்சோர்வில் 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடப் பயன் தந்தன. ஆனால் மருந்துக்கும் மருந்துக்கும் இடையிலான வேறுபாடு பெரிதன்று. ‘சிறந்த மருந்து’ என்று எல்லோர்க்கும் பொதுவாக ஒன்றைச் சுட்ட இயலாது என்பதே இதன் பொருள். சராசரியில் சமமாக உள்ள மருந்துகள் தனி ஒருவரிடம் சமமாக இருப்பதில்லை. ஒருவருக்கு உறக்கம் தருவது மற்றொருவரை உறங்கவிடாமற் செய்கிறது.

அமெரிக்காவில் நடைபெற்று 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வு இத்தேடலின் நீளத்தைக் காட்டியது. முதல் மருந்தில் 36.8 விழுக்காட்டினரும், அது பயன்படாதோருள் இரண்டாம் படியில் 30.6 விழுக்காட்டினரும் அறிகுறியற்ற நிலையை எட்டினர். மூன்றாம் படியில் 13.7, நான்காம் படியில் 13 என அவ்வீதம் சரிந்தது. நான்கு படிகளையும் கூட்டி ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் தேறினர் என அன்று கணக்கிடப்பட்டது. இக்கணக்கு மிகையானது என்றும், மூல நெறிமுறையின்படி அது 35 விழுக்காடே என்றும் 2023இல் வெளியான மறுபகுப்பாய்வு வாதிட்டது. இவ்விவாதம் எவ்வாறு முடியினும் இரண்டு செய்திகள் நிற்கின்றன. முதல் மருந்து பயன்படாமற் போவது விதிவிலக்கன்று, வழக்கமான நிகழ்வு. படிகள் கூடக்கூட வாய்ப்புக் குறைவதால் முதலிரண்டு முயற்சிகளை முழுமையாகச் செய்வது மிக முதன்மையானது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு 1990களின் நடுப்பகுதி முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வழங்கிவருகிறது. இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அமிட்ரிப்டிலின், ஃப்ளூவாக்ஸிடின், எஸ்சிட்டாலோபிராம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. முதலிரண்டு முயற்சிகளுக்கு இவை போதுமான கருவிகள். எனவே பொருத்தமின்மைக்குக் காரணத்தை மருந்துப் பட்டியலின் சுருக்கத்தில் மட்டும் தேடுவது சரியன்று.

4. காலம்

மனச்சோர்வு மருந்து பயன் காட்டத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகின்றன. ஒரு மருந்து பொருந்துகிறதா என முடிவு செய்யப் போதிய அளவில் நான்கு முதல் ஆறு வாரங்களேனும் உண்டிருத்தல் வேண்டும். பக்கவிளைவுகளோ முதல் சில நாள்களிலேயே தோன்றிப் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தணிந்துவிடுகின்றன. துன்பம் முன்னும் பயன் பின்னுமாக அமைந்த இவ்வரிசையை நோயாளருக்கு முதல் நாளிலேயே விளக்காவிடில் மருந்து பொருந்தவில்லை என்னும் தவறான முடிவு ஏறத்தாழ உறுதி. நாள்கூலியும் முறைப்பணியும் சார்ந்து வாழ்பவருக்கு இரண்டு வாரக் குமட்டல் என்பது இழக்கப்படும் ஊதியமும் ஆகும்.

இந்தியச் சந்தையில் பரவலாக உள்ள கூட்டு மாத்திரைகள் இவ்வரிசையை மேலும் குழப்புகின்றன. எஸ்சிட்டாலோபிராமும் குளோனசிபமும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கப்படுகின்றன. குளோனசிபம் அன்றிரவே படபடப்பைத் தணித்து உறக்கம் தருகிறது. எஸ்சிட்டாலோபிராம் வாரங்கள் கழித்தே செயற்படுகிறது. உடனடி நிம்மதிக்குக் காரணம் எது என நோயாளர் பிரித்தறிய வழியில்லை. ஆகவே அதனை அவர் ‘தூக்க மாத்திரை’ என்றே அழைக்கிறார். உறக்கம் வந்தவுடன் நிறுத்துகிறார் அல்லது உறக்கம் வராத நாளில் மட்டும் உண்கிறார். மனச்சோர்வு மருந்து ஒருநாளும் முழுமையாகச் சோதிக்கப்படுவதில்லை. குளோனசிபத்திற்கு உடல் பழகிவிடும் ஆபத்தோ எஞ்சி நிற்கிறது. பொருந்தாத மருந்து எனக் கைவிடப்படுவனவற்றுள் ஒரு பகுதி இவ்வாறு உண்மையில் முயலப்படாத மருந்துகளே எனக் கருத இடமுண்டு.

காலத்தின் மறுமுனையும் கவனிக்கத்தக்கது. அறிகுறிகள் நீங்கியபின் ஆறு மாதங்கள் முதல் ஒன்பது மாதங்கள் வரை அதே மருந்தைத் தொடர்வது நோய் மீள்வதைக் குறைக்கிறது. நோய் பலமுறை மீண்டவர்க்கு இது மேலும் நீளும். ‘சரியாகிவிட்டது’ எனத் திடீரென நிறுத்துவோருக்குத் தலைச்சுற்றல், எரிச்சல், உறக்கக் குலைவு முதலியன தோன்றக்கூடும். இவற்றை நோயின் மீட்சி எனவோ மருந்துக்கு அடிமையானமை எனவோ பலர் கருதுகின்றனர். மருத்துவரின் வழிகாட்டலில் அளவைப் படிப்படியாகக் குறைத்தால் இவ்வின்னலைப் பெருமளவு தவிர்க்கலாம்.

5. உற்றவர்: ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்னும் சொல்

மருந்தைக் கைவிட்டதற்குக் காரணம் கேட்டால் தமிழகத்தில் பொதுவாகக் கிடைக்கும் விடை ‘ஒத்துக்கல’ என்பது. உணவு, ஊர், தண்ணீர், மருந்து ஆகிய அனைத்திற்கும் பொருந்தும் இச்சொல்லுள் மனச்சோர்வு மருந்தைப் பொறுத்தவரை மூன்று வேறு நிலைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, பக்கவிளைவைத் தாங்க இயலாமை. இதற்குத் தீர்வு அளவைக் குறைத்துத் தொடங்குதல், உண்ணும் நேரத்தை மாற்றுதல், அல்லது வேறு வகைக்கு மாறுதல். இரண்டாவது, போதிய அளவில் போதிய காலம் உண்டும் பயனின்மை. அளவை உயர்த்துதல், மருந்தை மாற்றுதல், மற்றொன்றைச் சேர்த்தல், உளவியல் சிகிச்சையை இணைத்தல் ஆகியன இதற்குரியவை. மூன்றாவது, பயன் தெரியும் காலம்வரை தொடர்ந்து உண்ணாமை. இங்கு மருந்தை மாற்றுவது தவறு. தொடர்ச்சியை மீட்பதே செயல். மூன்றையும் பிரிக்காமல் ‘ஒத்துக்கல’ என்றவுடன் மருந்தை மாற்றும்போது, பயன் தந்திருக்கக்கூடிய மருந்து பட்டியலிலிருந்து நீங்குகிறது. அடுத்த மருத்துவரிடம் அது ‘பலனளிக்காத மருந்து’ என்றே சொல்லப்படும்.

‘சூடு’ என்னும் கருத்தாக்கமும் இங்குச் செயற்படுகிறது. ஆங்கில மருந்து உடற்சூட்டைக் கூட்டும் என்பது தமிழர் வாழ்வில் பரவலான எண்ணம். வாய் வறட்சி, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், வியர்வை ஆகிய பக்கவிளைவுகள் சூட்டின் அடையாளங்களோடு அப்படியே ஒத்துப்போகின்றன. எனவே மோரும் இளநீரும் பருகுவதோடு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணும் வழக்கமும் தோன்றுகிறது. இதனை அறியாமை என ஒதுக்குவதில் பயனில்லை. ‘சூடு தெரிகிறதா’ என மருத்துவரே முன்வந்து கேட்டால் பக்கவிளைவுகளின் பட்டியல் நோயாளரின் மொழியிலேயே கிடைத்துவிடும். பாலுறவு நாட்டம் குறைதல் போன்ற விளைவுகளுக்கு இத்தகைய இடக்கரடக்கல் சொல்லும் எளிதில் வாய்ப்பதில்லை. அவை கேட்கப்படாமலும் சொல்லப்படாமலும் போகின்றன; மருந்து மட்டும் நிற்கிறது.

வாழ்க்கைமுறை சார்ந்த பொருத்தமும் உண்டு. அமிட்ரிப்டிலினும் மிர்டாசபினும் உறக்கம் தருவன. உறக்கமின்மையால் வாடுபவர்க்கு இரவில் அது நன்மை. இரவு முறையில் அழுத்துபொறியிலோ கடைசல் எந்திரத்திலோ நிற்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அதே பண்பு விபத்துக்கு வழி வகுக்கும். முறை வாரந்தோறும் மாறும் தொழிலாளியிடம் ‘இரவில் ஒன்று’ என எழுதினால் அவ்விரவு எது என்னும் ஐயம் எழும். ‘படுக்கைக்குச் செல்லுமுன்’ என எழுதுவதே தெளிவு. உடன்நோய்களும் தேர்வை மாற்றுவன. இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்க்கு முவ்வளைய மருந்துகள் தவிர்க்கத்தக்கவை. முதியோரிடம் செரோடோனின் வகை மருந்துகள் உடற்சோடியத்தைக் குறைக்கக்கூடும். மூட்டுவலிக்குத் தொடர்ந்து வலிநிவாரணி உண்பவரிடம் இவ்வகை மருந்துகள் இரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும். டிரமடாலும், காசநோய்ச் சிகிச்சையில் இடம்பெறும் லினசோலிடும் இவற்றோடு சேரும்போது செரோடோனின் மிகையால் ஆபத்து விளையலாம்.

மரபணு வேறுபாடும் ஓரளவு பங்கு வகிக்கிறது. எஸ்சிட்டாலோபிராமைச் சிதைக்கும் சைப் 2சி19 என்னும் ஈரல் நொதியின் செயல் சிலரிடம் குறைவு. அதற்குக் காரணமான மரபணு வகை ஐரோப்பியரைக் காட்டிலும் தெற்காசியரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இத்தகையோரிடம் வழக்கமான அளவே மிகையாகலாம். குறைந்த அளவில் தொடங்கிப் பொறுமையாக உயர்த்தும் வழக்கத்திற்கு இது அறிவியல் சார்ந்த ஓர் ஆதரவு. எனினும் மரபணுச் சோதனை நொதியின் வேகத்தைச் சொல்லுமேயன்றி எம்மருந்து மனநிலையை மீட்கும் எனச் சொல்லாது.

6. தீர்ப்பவர்

மருந்து எழுதுமுன் மருத்துவர் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வின் முகமூடி அணிந்து வருவன. மதுப்பழக்கம் நோய்க்குக் காரணமாகவும் விளைவாகவும் இருக்கும். எல்லாவற்றிலும் முதன்மையானது, முன்பு எப்போதேனும் அளவுகடந்த உற்சாகம், உறக்கமே தேவைப்படாத சுறுசுறுப்பு, கட்டற்ற செலவு ஆகியன நிகழ்ந்தனவா என்பது. அவ்வாறாயின் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அந்நிலையில் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுப்பது பித்தெழுச்சியைத் தூண்டக்கூடும். நோயறிதல் தவறினால் எம்மருந்தும் பொருத்தமானதன்று.

25 வயதுக்குட்பட்டோரிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என்னும் எச்சரிக்கையும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2004இல் சிறார்க்கு அளித்த எச்சரிக்கையை 2007இல் 24 வயதுவரை விரித்தது. மருந்தை மறுப்பதற்கான காரணமாக இதனைக் கொள்ளலாகாது. முதல் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் நோயாளரை மீண்டும் காண்பதற்கான காரணமாகக் கொள்ள வேண்டும். முவ்வளைய மருந்துகள் மிகையளவில் உயிரைப் பறிப்பன என்பதால், ஆபத்து உள்ளவர்க்குக் குறைந்த நாள்களுக்கே மருந்து எழுதுவதும் மாத்திரையை வீட்டார் வைத்துக்கொள்வதும் நன்று.

நோயாளர் மருத்துவரை மாற்றுவதற்கு ‘கைராசி’ என்னும் நம்பிக்கை ஒரு காரணம். ஒரு மருத்துவரின் கையால் பெற்றால் மருந்து கேட்கும் என்னும் இந்நம்பிக்கையில் மருத்துவர்–நோயாளர் உறவின் பயன் பற்றிய நுண்ணறிவு ஒன்று உண்டு. நம்பிக்கைக்குரிய மருத்துவரிடம் சிகிச்சை சிறப்பதை உளவியல் ஆய்வுகளும் ஒப்புகின்றன. ஆனால் கைராசியைத் தேடிப் பலரிடம் செல்லும்போது முந்தைய முயற்சிகளின் பதிவு அறுந்துவிடுகிறது. இந்தியாவில் ஒரே மருந்து பற்பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. மூன்று மருத்துவரிடம் மூன்று பெயர்களில் எஸ்சிட்டாலோபிராமையே பெற்றவர், மூன்று மருந்துகள் தோற்றன என்று கருதுவார். மாத்திரை அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வேதிப்பெயர், அளவு, உண்ட நாள்கள், நிறுத்திய காரணம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது விலையுயர்ந்த எச்சோதனையையும்விட அடுத்த மருத்துவர்க்குப் பயன்படும்.

7. உழைச்செல்வான்

நான்கு கூறுகளுள் இன்று மிகக் குறைவாக எண்ணப்படுவது நான்காவது. அதன் பெறுமதியை உலகிற்குக் காட்டிய ஆய்வு சென்னையிலேயே நிகழ்ந்தது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. அங்கு 193 நோயாளருள் ஒரு பகுதியினர்க்கு மருத்துவமனையிலும் மறுபகுதியினர்க்கு வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளிக்கப்பட்டது. 1959இல் வெளியான முடிவு, வறுமையிலும் இடநெருக்கடியிலும் வாழ்ந்தவர்க்குக்கூட வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ இணையான பயன் தந்ததைக் காட்டியது. அச்சிகிச்சையில் பயன்பட்ட மருந்துகளுள் ஒன்று, மனச்சோர்வு மருந்தின் முன்னோடியாகிய இப்ரோனியாசிட்டின் உடன்பிறப்பான ஐசோனியாசிட். படுக்கையோ ஓய்வோ ஊட்டமோ அன்று, மருந்தைத் தவறாது உண்பதே தீர்மானிக்கும் காரணி என்பது அவ்வாய்வின் சாரம். தொடர்ந்து உண்பது கடினம் என்பதும் அங்கேயே உணரப்பட்டது. ஒருவர் முன்னிலையில் மருந்துண்ணும் முறை அந்த உணர்விலிருந்து வளர்ந்தது. காசநோயில் உழைச்செல்வானை நிறுவனமாக்கிய நகரம் மனச்சோர்வில் அதனைக் குடும்பத்தின் பொறுப்பில் மட்டும் விட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. மனச்சோர்வில் உடனிருப்பவரின் பணி கண்காணிப்பு அன்று. நினைவூட்டலும் விசாரித்தலும் ஆகும்.

இப்பணியை மருத்துவர் அல்லாதோர் திறம்படச் செய்ய இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. கோவாவில் 24 சிகிச்சை மையங்களில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான மானஸ் ஆய்வில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நோயாளரைத் தொடர்ந்து சந்தித்தனர். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொதுவான மனநலக் கோளாறு உடையோருள் ஆறு மாதத்தில் தேறியவர் இம்முறையில் 65.9 விழுக்காடு, வழக்கமான முறையில் 42.5 விழுக்காடு. நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே உள்ள 404 பேரிடம் சென்னை உள்ளிட்ட நகரங்களின் நான்கு மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வும், தொடர்பாளர் ஒருவர் நோயாளரின் நிலையைத் தொடர்ந்து கவனித்து மருத்துவர்க்குத் தெரிவிக்கும் முறையால் இருநோயிலும் முன்னேற்றம் கண்டது. இவ்வாய்வுகளில் புதிய மருந்து எதுவும் இல்லை. புதிதாக இருந்தது உடன்வருபவர்.

மேற்குப் புறநகருக்கு அருகில் சிகிச்சை வாய்ப்புகள் இல்லாமலில்லை. கீழ்ப்பாக்கத்தில் 1794இல் வேர்கொண்ட மரபின் தொடர்ச்சியாக மனநல மருத்துவ நிலையம் இயங்குகிறது. மனநல மருத்துவர் எம். சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அண்ணாநகர் மேற்கு விரிவில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அணித்தாக உள்ளது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டம் மாவட்டத்தை அலகாகக் கொண்டு செயற்படுகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சையை உரிமையாக்குவதோடு இன்றியமையா மருந்துகளை அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றி வழங்கவும் வகை செய்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பெறலாம்.

இவற்றுக்கிடையே விடுபட்டிருப்பது, முதல் சந்திப்புக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையிலான பாலம். காலைநேரப் புறநோயாளர் பிரிவுக்குச் செல்ல ஒரு நாள் ஊதியத்தை விடவேண்டிய தொழிலாளி, பயன் தெரியாத மருந்துக்காக இரண்டாம் முறை விடுப்பு எடுப்பார் என எதிர்பார்ப்பது கடினம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. அதே வழியில் புதிதாக மனச்சோர்வு மருந்து தொடங்கியவரிடம் இரண்டாம், நான்காம், ஆறாம் வாரங்களில் மூன்று வினாக்கள் கேட்கப்படுமாயின் பெரும்பயன் விளையும்: மாத்திரை எத்தனை நாள் விடுபட்டது? என்ன தொந்தரவு தெரிகிறது? உறக்கம், பசி, வேலையில் பிடிப்பு இவற்றில் மாற்றம் உண்டா? ‘ஒத்துக்கல’ என்னும் சொல்லை மூன்றாகப் பிரிக்க இவ்வினாக்களே போதும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு.

அ. மனச்சோர்வு மருந்துகளுக்குள் சராசரி வேறுபாடு சிறிது. தனிமனித வேறுபாடு பெரிது. ஆகவே முயன்று அறிதலே இன்றைய நெறி. முதல் மருந்து பயனளிக்காமை தோல்வியன்று. அறிதலின் ஒரு படி.

ஆ. பக்கவிளைவு முன்னும் பயன் பின்னும் வரும் காலவரிசையை முதல் நாளில் விளக்குதல் மருந்துத் தேர்வுக்கு இணையான சிகிச்சைச் செயல்.

இ. ‘ஒத்துக்கொள்ளவில்லை’, ‘சூடு’, ‘தூக்க மாத்திரை’, ‘கைராசி’ ஆகிய சொற்கள் மருந்து கைவிடப்படும் வழிகளைச் சுட்டுவன. இவற்றை நோய்மொழியாகத் தொகுத்து ஆராய்வது தமிழியல் ஆய்வுக்கும் மனநல மருத்துவத்துக்கும் பொதுவான பணி. வட்டாரந்தோறும் இச்சொற்கள் கொள்ளும் பொருள்வேறுபாடு தனி ஆய்வுக்குரியது.

ஈ. சென்னை மேற்குப் புறநகர் போன்ற தொழிற்பகுதிகளில் மருத்துவரும் மருந்தும் எட்டும் தொலைவில் இருப்பினும், பணிமுறையும் பயணமும் நிர்வாக எல்லையும் தொடர்ச்சியை அறுக்க வல்லன. உழைச்செல்வானின் இடத்தைத் திட்டமிட்டு நிரப்புதலே உடனடித் தேவை.

மருத்துவத்தை நான்காக வகுத்த குறள் அவற்றுள் ஒன்றை மட்டும் உயர்த்திப் பேசவில்லை. மாத்திரை அட்டையில் மட்டும் பொருத்தத்தைத் தேடுவது நான்கில் ஒரு பங்கில் முழுமையைத் தேடுவதாகும்.